‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்வதற்கு முன்னால்

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் நாலைந்துதான். கவனம் இல்லை. போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுகிறான். முதல் பீரியடிலேயே கொட்டாவி விடுகிறாள். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. அடிக்கடி லீவு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குத் திட்டு விழும், அடுத்த வாரம் புதிதாக ஒரு டியூஷன் சேரும். இதே புகார்களை ஒரு குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் வேறு மாதிரி கேட்பார்: கண் பார்த்தீர்களா? ரத்தம் பார்த்தீர்களா? எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? காதில் சீழ் வந்ததுண்டா?

இப்படிக் கேட்பதைத்தான் பொது சுகாதாரத்தில் பள்ளி நலம் என்கிறார்கள். பள்ளி வயதில் பிள்ளையின் உடம்பும் மனசும் படிப்பை எங்கெல்லாம் தடுக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலையில் பாதிக்கு மேல் சின்னச் சின்னப் பரிசோதனைகள்தான்.

இந்த வயதுக்கென்று தனியாகக் கவனம் ஏன் வேண்டும்? பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளையின் மேல் எல்லார் கண்ணும் இருக்கிறது. தடுப்பூசி அட்டை உண்டு, அங்கன்வாடியில் எடை போடுவார்கள், கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். ஐந்து, ஆறு வயதில் கடைசி டி.பி.டி. பூஸ்டர் போட்டு முடித்ததும் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து ஊசி பாக்கி இருக்கிறது என்பதே பல வீடுகளில் நினைவிருக்காது. அப்புறம் காய்ச்சல் வந்தால்தான் டாக்டர். பிள்ளை எப்படி வளர்கிறது என்பதற்கு வீட்டில் மிஞ்சும் ஒரே சாட்சி ராங்க் கார்டு.

போர்டு தெரிகிறதா?

கண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இருப்பதிலேயே எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியதும் எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

கிட்டப்பார்வை என்றால் கிட்டே இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். விழிக்கோளம் முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டுவிடுவதால் இது வருகிறது. தியேட்டரில் திரையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டிவிட்டால் படம் கலங்கித் தெரியும் அல்லவா, அதுபோல உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பள்ளி வயதில்தான் உடம்போடு சேர்ந்து கண்ணும் வளர்கிறது. அதனால் இந்தக் குறை பெரும்பாலும் ஆறு, ஏழு வயதுக்கு மேல் தலைகாட்டி, வருடா வருடம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

பிள்ளை இதைச் சொல்லாது. மற்றவர்களுக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நாம்தான் அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, தலையைச் சாய்த்துப் படிப்பது, சாயங்காலம் தலைவலி. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சுவரில் மாட்டிய தினசரி காலண்டருக்கு எதிரே, அறையின் மறுமுனையில் பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லி, சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கண். ஒரு கண்ணால் சரளமாகப் படித்துவிட்டு மறு கண்ணில் தடுமாறினால் தாமதிக்கவே கூடாது. ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை மெல்ல மெல்ல அந்தக் கண்ணைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழு, எட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் நன்றாகத் திரும்பும். வயது ஏற ஏறத் திருப்புவது கடினம்.

காலண்டர் சோதனை வெறும் முன்னோட்டம். கண் மருத்துவரிடம் போகும்போது, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். பிள்ளைகளின் கண்ணுக்குக் குவித்துப் பார்க்கும் சக்தி அதிகம், அதனால் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து எழுதும் பவர் தப்பாகலாம்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது. பவர் ஏறுவதற்குக் காரணம் கண் வளர்வது. கண்ணாடி போடாவிட்டாலும் அது ஏறத்தான் செய்யும், போர்டு தெரியாத வருடங்கள் மட்டும் கூடுதலாகச் சேரும். வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுப்பதாலும் லாபம் இல்லை. மலேசியாவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிக் கொடுத்த பிள்ளைகளுக்குப் பவர் இன்னும் வேகமாகத்தான் கூடியது. கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பதும் கதைதான். கேரட்டில் இருப்பது வைட்டமின் ஏ-க்கான சத்து. அது மாலைக்கண்ணுக்கு உதவும், கிட்டப்பார்வைக்கு உதவாது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வார்கள். ‘பொம்பளைப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியா’ என்று வீட்டில் ஒரு பாட்டி இழுப்பார். கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் பைக்குள்ளேயே கிடப்பதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம். சீனாவின் ஷான்சி, கன்சு மாகாணங்களில் 252 கிராமப்புறப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஒரு கல்வி ஆண்டு முடிவதற்குள் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மார்க் கூடியிருந்தது. புதிய பாடத்திட்டம் கிடையாது, தனி வகுப்பு கிடையாது, வெறும் கண்ணாடி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, வராமல் தடுக்க முடியுமா? முழுவதுமாக முடியாது, ஆனால் தள்ளிப்போட முடியும். அதற்கான வழி வெயில். சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கவைப்பதை அரசே ஒரு திட்டமாக நடத்துகிறது. வெளிச்சம் படும்போது விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனம் கண் நீளுவதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸுக்குள் அடங்கிவிடும். மரநிழலிலோ பல ஆயிரம் லக்ஸ். ஆகவே உச்சி வெயிலில் காயவைக்க வேண்டியதில்லை, வேப்பமரத்தடியே போதும். வருடத்தில் பாதிக்கு மேல் வெயில் கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ரத்தம் குறைந்தால்

மங்கலான கண்ணைக் காலண்டர் காட்டிக் கொடுத்துவிடும். ரத்தசோகை அப்படி வெளியே தெரியாது. பிள்ளை நடக்கும், சிரிக்கும், பள்ளிக்கும் போகும். ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், மதியத்துக்கு மேல் சுருண்டுவிடும். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருப்போம்.

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் உடம்பெங்கும் ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது. அதைச் செய்ய இரும்பு வேண்டும். மூளைக்கும் இரும்பு தனியாகத் தேவை, நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படும் சில ரசாயனங்கள் அது இல்லாமல் சரியாக உருவாவதில்லை. அதனால்தான் இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் களைப்போடு கவனமும் சேர்ந்து குறைகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருப்பது ஓர் அடையாளம். இன்னொன்று, பலரும் கெட்ட பழக்கம் என்று நினைத்துக் கையில் அடிப்பது: சாக்பீஸ், மண், சாம்பல், பச்சரிசி இவற்றை ஒளித்து ஒளித்துத் தின்பது. இரும்புச்சத்துக் குறைவில் இந்த ஆசை வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். அடிக்காமல் ரத்தம் பாருங்கள். 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழேயும், 12 முதல் 14 வயதில் 12 கிராமுக்குக் கீழேயும் போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வயதுக்கு நீலம், 60 மில்லிகிராம். இரண்டிலும் ஃபோலிக் அமிலமும் உண்டு. இந்த மாத்திரை ஜன்னல் வழியாக எவ்வளவு வெளியே போகிறது என்பது பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும், மலம் கருப்பாகப் போகும். ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும், கருப்பு நிறத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. முன்கூட்டியே யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஜன்னலுக்கு வேலை இருந்திருக்காது.

சாப்பாட்டில் ஒரு தவறான நம்பிக்கை: சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது. பீட்ரூட் நல்ல காய்தான், ஆனால் அதன் நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. ஈரல், மீன், இறைச்சி இவற்றில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கோழி ஈரல் விலையும் மலிவு. கீரை, கம்பு, பயறு இவற்றில் இருப்பதைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி சேர்ந்தால் அந்த அளவு கூடும். டீயும் காப்பியும் இதற்கு நேர் எதிரி. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உள்ளே போகாமல் தடைபடும். காலை இட்லியோடு பிள்ளைக்கும் அரை டம்ளர் டீ ஊற்றுகிற வழக்கம் உள்ள வீடுகள் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினாலே லாபம்தான்.

ரத்தத்தைத் திருடும் இன்னொரு ஆள் குடற்புழு. கொக்கிப்புழு செருப்பில்லாத காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழைந்து, குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை இதற்குத்தான். மென்று விழுங்க வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் இது உண்டு, ‘எங்கள் வீட்டில் சுத்தமாக இருக்கிறோம்’ என்று மறுப்பவர்கள் மைதானத்து மண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் புழு மருந்து கொடுத்துச் செய்த ஆய்வு மிகவும் பிரபலம். அதைச் செய்த இருவரில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர். பள்ளிக்கு வராமல் இருப்பது சுமார் கால் பங்கு குறைந்தது என்று அந்த ஆய்வு சொன்னது. ஆனால் பரீட்சை மார்க் கூடவில்லை என்றும் அதுவே சொன்னது. அதன் முடிவுகளைப் பற்றிப் பின்னால் ஆய்வாளர்களிடையே பெரிய வாக்குவாதமும் நடந்தது. எனக்கு மார்க் கூடவில்லை என்ற அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. மாத்திரை பிள்ளையை வகுப்பு வரை கொண்டுவந்து உட்கார வைக்கும். உள்ளே சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும்.

வயிறும் பள்ளியும்

இந்த விஷயத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே பாடம் எடுக்கலாம். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் அதற்கு முன்னின்றார். 1956-இல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக்கினார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அப்புறம் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை.

மதியம் போடுகிறோமே, காலையிலும் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பதில் பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. ஐந்து வயது வாக்கில், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, அடுத்து மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் நடுவில் பதினாறரை மணி நேரம். கணக்கும் தமிழும் நடப்பது அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில்.

பசி அரசுப் பள்ளியில் மட்டும் இருப்பதாக நினைக்கவும் வேண்டாம். ஏழு மணி வேனுக்கு ஓடுகிற பிள்ளை ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் போவது வசதியான வீடுகளில் சர்வ சாதாரணம். அந்தப் பள்ளியில் காலை உணவும் கிடையாது. வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: இட்லி சாம்பார், முட்டை தோசை, சுண்டலோடு ஒரு பழம். நேரமே இல்லாத வீட்டில் பழைய சோறும் தயிரும்கூடப் பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல்.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. உங்கள் பள்ளி வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கக் கணக்கு

6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு இது. இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போடுவோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணி டியூஷன் போக வேண்டும் என்றால், இரவு எட்டரைக்கே தூங்கியிருக்க வேண்டும். எட்டரைக்குத்தான் நம் வீடுகளில் சீரியல் சூடு பிடிக்கும்.

விடியற்காலையில் படித்தால் மனசில் நிற்கும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர்கள் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் படுத்தவர்கள். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பதிய வைக்கிறது. ராத்திரி பதினொன்று வரை படிக்கவைத்து, ஐந்துக்கு எழுப்பி மறுபடி படிக்கவைத்தால், அந்தப் பதிய வைக்கும் வேலைக்கே நேரம் மிஞ்சாது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் இன்னொரு சிக்கல் சேரும். பருவம் எய்தும் காலத்தில் உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் நகர்கிறது. பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வராமல் புரள்வது எல்லா வீட்டிலும் திமிரால் வருவதில்லை. (கையில் செல்போன் இருந்தால் அது தனிக் கதை.) இதை ஏற்றுக்கொண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே பத்தாம் வகுப்பு என்றால் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். யார் சரி என்று கேட்டால், உடலியல் கலிஃபோர்னியா பக்கம் இருக்கிறது.

நேரத்துக்குப் படுத்தும் பகலில் சோர்ந்து கிடந்தால் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ, தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கி மூச்சை அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் பகலில் தூங்கி வழிவார்கள், அல்லது ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று அலைவார்கள். குறட்டை செல்லமாகச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

காதும் அதே மருத்துவரின் வேலைதான். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, வாரக்கணக்கில் காது மந்தமாக இருக்கும். வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. சீழ் வந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

பல்லில் ஒன்றே ஒன்று. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஆயுள் முழுக்க அதுதான். இதைப் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடும் பெற்றோர் மிக அதிகம்.

அப்புறம், பேசக் கூச்சப்பட்டுப் பேசாமலே விடும் விஷயம்: கழிப்பறை. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் பிள்ளைகள் அதற்குள் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளைகள் காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை அடக்கிக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அதனால் வயிற்றுவலி, தலைவலி எல்லாம் இதிலிருந்து வரலாம். கேரளத்தில் தொடங்கி இங்கேயும் வந்திருக்கிற ‘வாட்டர் பெல்’, அதாவது மணியடித்துத் தண்ணீர் குடிக்க விடுவது, நல்ல ஏற்பாடு. கழிப்பறையும் சுத்தமாக இருந்தால்தான் அதற்குப் பலன். சாயங்காலம் வந்ததும் ‘இன்னிக்கு என்ன பாடம் நடத்தினாங்க’ என்று கேட்பதோடு, பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்றும் பாருங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது, அதை மாற்றுவதற்குக் கதவு பூட்டுகிற ஓர் அறையும் தண்ணீரும் பள்ளியில் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டியது நாம்தான். அப்பாக்களும் கேட்கலாம்.

யார் பார்ப்பார்கள்?

2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பரிசோதிக்கிறார்கள். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறை, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகைகளில் தேடுவார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். ஏதாவது கண்டால் சீட்டு எழுதி மருத்துவமனைக்கோ மாவட்ட மையத்துக்கோ அனுப்புவார்கள், மேல்சிகிச்சையும் இலவசம். திட்டம் சறுக்குவது பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான். அது புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், அல்லது ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடப்படும். குழு வந்துபோன அன்றைக்குப் பையைத் தேடிப் பாருங்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழு வராது. வருடம் ஒருமுறை, ஜூன் மாதம் யூனிஃபார்ம் வாங்கும்போதே கண், பல், ரத்தம், உயரம், எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பதை நாமே செய்ய வேண்டியதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை தடுமாறினால்?

ஒன்று, பயம். திங்கட்கிழமை காலை மட்டும் வயிறு வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. நடிக்கிறாள் என்று முடிவு கட்டாதீர்கள். மனசு கலங்கினால் குடல் உண்மையாகவே வலிக்கும். யாரைக் கண்டு பயம் என்று பொறுமையாகக் கேட்டால் ஒரு ஆசிரியரின் பிரம்போ, வேனில் சீண்டும் ஒரு பெரிய பையனோ, நம் வீட்டுச் சண்டையோ வெளியே வரும். பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது. ‘நாலு போடு போடுங்க சார்’ என்று பெற்றோரே சொன்னாலும் அந்த அனுமதி செல்லாது. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இன்னொன்று, கற்றல் குறைபாடு. பேச்சில் படு கெட்டி, கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்லும், கடைக் கணக்கு மனசிலேயே போடும். ஆனால் மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும், ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதும். டிஸ்லெக்சியா இப்படித்தான் தெரியும். இது அறிவுக் குறைவும் இல்லை, அடி கொடுத்தால் போவதும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலையில் மூளை வேறு விதமாக இயங்குகிறது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தடவிப் பழகும் தனிப் பயிற்சி பலன் தருகிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இதில் வேலை செய்கிறது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. கண்ணும் காதும் முதலில் பார்த்து முடித்த பிறகுதான் இந்தச் சோதனைக்கே போக வேண்டும், மங்கலாகப் பார்க்கும் பிள்ளையும் எழுத்துக் கூட்டத் திணறும் என்பதால்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். அந்தச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும், பள்ளி வழியாக விண்ணப்பமும் போக வேண்டும். பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.